நைரோபிக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்

நைரோபியில் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் அம்மா அழுகிறார், "பஞ்சம், காடு, நோய், கொள்ளை என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள், ஆப்பிரிக்கா எப்படி இருக்கும் அண்ணே?" என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

2011 முதல் இங்கே, கென்யாவின் தலைநகரில், இருக்கிறேன். ஆப்பிரிக்கா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதில் 54 நாடுகள் இருக்கின்றன. வந்த முதல் வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் "ஆப்பிரிக்காவில் எல்லாரும் இதைத்தான் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். "தெரியலையே, நான் கென்யாவிலேயே கிசுமு, நகுரு ஊர்களைத் தாண்டிப் போனதில்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்று முழுக்க முகம் சுண்டிக் கிடந்தது.

அதனால் நைரோபியை மட்டும் சொல்கிறேன். ஊர் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டைவிட மேலே இருக்கிறது. ஜூலை காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மலேரியா பயம் மொம்பாசா கடற்கரை, கிசுமு ஏரிக்கரைப் பக்கம்தான் அதிகம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள். ஊர் திரும்பும்போது அட்டையைக் கேட்பது நம் விமான நிலையத்தில்தான்.

எனக்கு அடுத்த பாடம் நடத்தியவர் தெருமுனையில் காய் விற்கும் அம்மா. மாமா ம்போகா என்பார்கள். நம் ஊர் மாமா இல்லை. இங்கே 'மாமா' என்றால் அம்மா, 'ம்போகா' என்றால் காய்கறி. நான் நோட்டை நீட்டினேன், அவரிடம் சில்லறை இல்லை. "எம்-பெசா இல்லையா உனக்கு?" என்று என் போனை வாங்கிப் பார்த்தார், பாவம் என்கிற மாதிரி. 2007-இலேயே இங்கே எம்-பெசா மூலம் சாதாரண பட்டன் போனில் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊரில் யுபிஐ வந்தது 2016-இல். பின்தங்கிய இடத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு அந்தத் தக்காளிக் கூடைக்கு முன்னால்தான் கழன்றது.

அப்புறம், பிளாஸ்டிக் பையில் எதையும் கட்டிக் கொண்டுவராதீர்கள். 2017-இலிருந்து தடை, அபராதம் கடுமை. முறுக்கு டப்பாவில் வரட்டும்.

திருட்டு உண்டு, மறைக்க மாட்டேன். காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு போன் பேசாதீர்கள், இருட்டிய பிறகு தனியாக நடக்காதீர்கள். நைரோபிக்காரர்களே இதைச் சொல்லித்தான் உங்களை வரவேற்பார்கள்.

அதைவிட நான் பயப்படுவது நம் வாய்க்குத்தான். தமிழில் பேசினால் புரியாது என்று நினைத்து 'காப்பிரி' என்று சொல்லிவிடாதீர்கள். கறுப்பர்களை இழிவுபடுத்தும் 'காஃபிர்' என்ற வசையிலிருந்து வந்த சொல் அது, இங்கே பலருக்கும் புரியும். ஊரில் கறுப்பு என்று கேலி கேட்டு வளர்ந்த நாமே இங்கே வந்து இன்னொருவர் நிறத்தை அளப்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் அடித்த காணொளி இங்கேயும் சுற்றியது. "என் தம்பிக்கு இந்தியாவில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, அம்மா அழுகிறார், அனுப்பலாமா?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். இந்தியா பெரிய நாடு, சென்னை அப்படியில்லை என்றேன். "ஆப்பிரிக்காவும் பெரிசுதான்" என்றார். தம்பியை அனுப்பினார்கள், படித்து முடித்துத் திரும்பிவிட்டான்.

வீடு பார்க்க, இந்தியர்கள் அதிகம் இருக்கும் பார்க்லண்ட்ஸ் பக்கம் வாருங்கள், கறிவேப்பிலை கிடைக்கும். புரோக்கர் சுவாஹிலியில் 'சா ம்பிலி', அதாவது இரண்டு மணி, என்றால் மத்தியானம் போய் நிற்காதீர்கள். நம் தாத்தாக்கள் நாழிகை எண்ணியது போல இவர்களும் விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். அது காலை எட்டு மணி. நான் மத்தியானம் போனேன், வீடு போய்விட்டது.