சாயத்தண்ணில மீன் உயிரோட இருந்தா ஆறு நல்லாருக்குன்னு அர்த்தமா?

சேலம் வழியா ஓடுற திருமணிமுத்தாறுல சாயக்கழிவு கலந்தும் மீன் துள்ளுதே, அப்புறம் என்ன பிரச்சனைனு கேட்டிருக்கீங்க. உயிரோட இருக்கறது வேற, மோப்பம் புடிக்கிறது வேறங்க. கெண்டை வகை மீனுக்கு தோல் கிழிஞ்சா அதுலருந்து ஒரு கெமிக்கல் தண்ணில கலக்கும், பக்கத்துல இருக்கற மீனுங்க அத மோந்ததும் வேட்டைக்காரன் வந்துட்டான்னு பதுங்கிரும், இத 1938லயே கார்ல் வான் ஃபிரிஷ்ங்கற விலங்கியல் விஞ்ஞானி எழுதிட்டாரு. மீனோட மூக்கு நரம்பு நேரா தண்ணிலயே படுது, அதனால சாயக்கழிவுல இருக்கக்கூடிய தாமிரம் லிட்டருக்கு சில மைக்ரோகிராம் கரைஞ்சிருந்தாலே மோப்பம் மந்தமாயிரும், மீன் சாகாது ஆனா எச்சரிக்கை வந்தாலும் தெரியாம கொக்கு முன்னாடியே நீந்திட்டு நிக்கும். பூச்சிமருந்துல சிலதும் இப்படித்தான் பண்ணுது. சேர்வராயன் மலைலருந்து சுத்தமா இறங்குற ஆறுங்க இது, ஊருக்குள்ள வந்து இப்படி ஆகுறத பாக்கவே மனசு தாங்கல. கொஞ்சமா பட்டிருந்தா, நல்ல தண்ணி வந்ததும் மோப்பம் திரும்பவும் வரும்.