பத்திரத்தில் யார் பெயர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கனடாவின் வடமேற்கு மூலையில் 1890களில் நடந்த கிளாண்டைக் தங்க வேட்டை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பனிக் கணவாயில் எறும்புச் சாரை போல ஏறிய மனிதர்கள், டாசன் நகரத்தின் சூதாட்ட மேசைகள், நாய் வண்டிகள் எல்லாம் கண்முன் நின்றன. ஆனால் பெண்கள் வந்தது ஒரே ஒரு வரியில், அதுவும் நடனக்கூடத்தில். நான் நெய்வேலியில் வளர்ந்தவள். சுரங்கத்தைச் சுற்றி எழும் ஊரில் பெண்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதைப் பார்த்தே வளர்ந்தேன். எனக்கு 24 வயது. சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று சொன்னால் வீட்டில் பேராசை என்கிறார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி அந்த ஊருக்கு எதற்காகப் போயிருப்பாள்? பொன்னாசையா? போனவளுக்கு என்ன ஆயிற்று?

ம., கடலூர்

அன்புள்ள ம.,

குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதும்போதே பெலிண்டா முல்ரூனி நினைவில் இருந்தார். கட்டுரை நீண்டுவிடும் என்று தள்ளிவைத்தேன். சோம்பலுக்கு இப்படி ஒரு கௌரவமான காரணம் எப்போதும் கிடைத்துவிடுகிறது.

1872இல் அயர்லாந்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதை ஒட்டி, பெற்றோர் குடியேறியிருந்த பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊருக்கு வந்துசேர்ந்தார். சுரங்க ஊர் எப்படி உண்கிறது, எதற்குக் கடன் வாங்குகிறது என்பதையெல்லாம் அங்கேயே கண்டிருப்பார். 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது சாண்ட்விச் கடை போட்டார். பிறகு அலாஸ்காவுக்குப் போகும் கப்பலில் பணிப்பெண் வேலை. அதிலும் சம்பளத்தோடு நிற்கவில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் சரக்கு வாங்கி விற்றார்.

1897 ஜூனில் டாசனில் இறங்கியபோது உங்களைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அந்த மாதத்தைக் கவனியுங்கள். பொன் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாட்டிலையும் அடைந்து, உலகத்துக்குச் சேதி தெரிந்தது ஜூலையில். ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்று நான் எழுதினேனே, அவர்கள் மூட்டை கட்டும் முன்பே இவர் கடை விரித்துவிட்டார். கொண்டுபோனவை துணிமணிகளும் வெந்நீர்ப் பைகளும். ஆறு மடங்கு விலைக்குப் போனதாகச் சொல்வார்கள். வந்திறங்கியதும் கையில் எஞ்சியிருந்த சில்லறையை யூகான் ஆற்றில் வீசி, 'இனி இது எனக்குத் தேவைப்படாது' என்றாராம். இந்த நாணயக் கதையை நான் பாதிதான் நம்புகிறேன். வெந்நீர்ப் பைக் கதையை முழுக்க நம்புகிறேன்.

ஏனென்றால் அங்கே மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். குளிர்காலத்தில் நெருப்பு மூட்டி அதை இளக்கி, குழிக்குள் இறங்கி, மண்ணை மேலே குவித்துவைப்பார்கள். பனி உருகிய பிறகு நீர் விட்டு அலசினால்தான் அதில் பொன் இருக்கிறதா என்பதே தெரியும். அத்தனை மாதமும் பொன்மீது படுத்திருந்தவனுக்குச் சூடான சோறு கிடையாது, காய்ந்த சட்டை கிடையாது. பெலிண்டா குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. குழியிலிருந்து ஏறி வருபவனின் முகத்தைப் பார்த்தார்.

டாசனில் உணவகமும் மரவீடுகளும் கை கொடுத்த பின், எல்லோரும் வியக்கும்படி ஊரைவிட்டுக் கிளம்பினார். 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பொனான்சா, எல்டொராடோ ஓடைகள் கூடுமிடத்தில், சேற்றுக்கு நடுவே விடுதி கட்டினார். சிரித்தார்கள். அந்த இரண்டு ஓடைகளில்தான் மிகச் செழித்த நிலங்கள் இருந்தன. அங்கே பணம் என்பது பையில் கட்டிய பொன்துகள். தராசில் நிறுத்துக் கொடுக்கும்போது சிந்தும். விடுதித் தரையைப் பெருக்கிய குப்பையை அலசியே பொன் எடுத்தார். (நம்மூரில் ஆசாரிப் பட்டறைக் குப்பையை விலைக்கு வாங்கி அரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள்.) குப்பையைவிட மதிப்புள்ளது பேச்சு. எந்த நிலத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்று குடித்தவர்கள் உளறினார்கள்; இவர் கேட்டுக்கொண்டு சுரங்க நிலங்களில் பங்கு வாங்கினார்.

1898 கோடையில் டாசனில் மூன்று மாடி ஃபேர்வியூ ஹோட்டலைத் திறந்தார். நீராவியால் சூடேற்றிய அறைகள், மின்விளக்கு எல்லாம் உண்டு. அறைகளுக்கு இடையே சுவர் மட்டும் கித்தான் துணி, மேலே அலங்காரக் காகிதம். அடுத்த அறையின் இருமல்கூடக் கேட்கும்.

பொன்னாசையா என்று கேட்டீர்கள். என் கணிப்பில் பொன் அவருக்கு இரண்டாவது. தன் பெயரில் ஒன்று வேண்டும் என்பதே அவரது தாகம். அன்றைய கனடியச் சுரங்க விதிப்படி, பதினெட்டு வயதைக் கடந்த எவரும் உரிமம் எடுக்கலாம், பெண்ணும்தான். அந்த ஊர் பெண்களிடம் தாராளம் காட்டியது என்று இதற்குப் பொருள் இல்லை. வேலி போட ஆளுக்கு நேரமில்லை, அவ்வளவே. அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிட்டார்.

பிறகு என்ன ஆயிற்று? 1900இல் திருமணம். மாப்பிள்ளை ஷாம்பெயின் விற்க வந்தவர், தன்னை பிரபு என்று சொல்லிக்கொண்டவர். பிரபுவும் இல்லை, பணமும் தங்கவில்லை. சில ஆண்டுகளில் விவாகரத்து. பெலிண்டா அலாஸ்காவின் ஃபேர்பாங்ஸ் பக்கம் போய்த் தங்கையுடன் வங்கி தொடங்கினார். வாஷிங்டன் மாநிலத்தில் கல்மாளிகை கட்டினார். 1967இல், 95 வயதில், சியாட்டிலில் இறந்தார். செல்வம் அதற்கு வெகு முன்பே கரைந்திருந்தது.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் வீட்டாரிடம் காட்ட வசதியான கதை. ஆனால் அதே ஓடையில் இன்னொரு பெண் இருந்தார். ஷா ட்லா, டாகிஷ் பழங்குடி. வெள்ளையர் வாயில் கேட் கார்மக். 1896 ஆகஸ்டில் பொன் கண்ட குழுவின் உறவுக்கண்ணி அவர்தான். ஜார்ஜ் கார்மக் அவரது கணவர், ஸ்கூகம் ஜிம் அவரது சகோதரர். பொன் கிடைப்பதற்கு முந்தைய வறிய நாட்களில் தோல் காலணியும் கையுறையும் தைத்து விற்று வீட்டை ஓட்டியவரும் அவரே. நிலம் கார்மக் பெயரில் பதிவானது, பணமும் அவர் கைக்கே போனது. 1900இல் கார்மக் இவரைக் கலிபோர்னியாவில் விட்டுவிட்டு வேறொரு பெண்ணை மணந்தார். டாகிஷ் முறைப்படி நடந்த திருமணத்துக்குக் காகிதம் ஏது? பங்கு கேட்டும் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, சகோதரர் கட்டிக்கொடுத்த மரவீட்டில் வாழ்ந்து, 1920இல் காய்ச்சல் கொள்ளைநோயில் இறந்தார்.

ஒருவர் எல்லாவற்றையும் தன் பெயரில் எழுதினார். மற்றவர் பெயரில் எதுவுமே எழுதப்படவில்லை. உழைப்பில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தொழில் தொடங்குங்கள். பதிவு யார் பெயரில் என்று வீட்டில் பேச்சு வரும்போது மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடாதீர்கள்.

கனடாவின் சுரங்கத் துறைப் புகழ்க்கூடத்தில் கிளாண்டைக் கண்டுபிடிப்பாளர்களாக நான்கு ஆண்களை 1999இல் சேர்த்தார்கள். ஷா ட்லாவின் பெயர் அங்கே ஏற 2019 ஆனது.