எம்மெட் டில்லைக் கொன்றவர்கள் ஒப்புக்கொண்ட பிறகும் தண்டிக்கப்படாதது ஏன்?

சட்டப்படி முக்கியக் காரணம் இது: விடுதலையான ஒருவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க அமெரிக்க அரசியலமைப்பு விடாது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் கடத்திக் கொல்லப்பட்ட அந்தக் கறுப்பினச் சிறுவனுக்கு வயது 14. செப்டம்பரில் ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவரையும் விடுவிக்க, 12 வெள்ளை ஆண்கள் அடங்கிய ஜூரிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆனது. அப்புறம் 1956 ஜனவரியில், பணம் வாங்கிக்கொண்டு, லுக் பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

சரி, சாட்சி இல்லையா? இருந்தது. பையனுக்குத் தாத்தா முறையான மோசஸ் ரைட், நீதிமன்றத்தில் எழுந்து நின்று மைலமை நோக்கி விரலை நீட்டினார். அன்றைய மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் வெள்ளையரை அப்படிக் கைகாட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. இந்த வழக்கில் என்னால் மறக்கவே முடியாதது அந்த விரல்தான். சாட்சி சொன்ன கையோடு அவர் அந்த மாநிலத்தை விட்டே போக வேண்டியதாயிற்று.