தூங்குற கிரேஹவுண்டை திடீர்னு தொடாதீங்க

கேள்வி: அக்கா, வீட்ல ஏற்கனவே ரெண்டு நாய் இருக்கு, இப்ப ஒரு கிரேஹவுண்டையும் தத்து எடுத்திருக்கோம், கண்ணைத் திறந்துக்கிட்டே படுத்திருக்கு, மத்ததுங்க உரசினா உறுமுது, திருப்பிக் குடுத்துடலாமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: குடுத்துடாதம்மா, ப்ளீஸ்! கிரேஹவுண்டுல சிலது கண்ணைத் திறந்துக்கிட்டேதான் தூங்கும், அந்த நேரம் இன்னொரு நாய் வந்து இடிச்சா திடுக்கிட்டு உறுமும், பாவம் அது. படுக்கையை தனி மூலைல போடு, எழுப்பணும்னா தள்ளி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடு, சாப்பாடும் மூணுக்கும் தனித்தனியா வை. நம்ம தென்னாப்பிரிக்காவுல கிரேஹவுண்டை ஓட விடுற நாய் ரேஸ் 1949லேயே தடை பண்ணியாச்சு, ஆனா மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடுற உடம்பு, பூனையைப் பாத்தா பறந்துடும், வேலி இல்லாத இடத்துல கயிறை அவுக்கவே அவுக்காத. தலை ஒல்லி, சாதாரண காலர் நழுவிடும், இழுத்தா லேசா இறுகிக்கிற மார்ட்டிங்கேல் காலர் வாங்கு. கொழுப்பும் கம்மி, நம்ம ஊர் ஜூலை குளிர் ராத்திரிக்கு ஸ்வெட்டர் போட்டு விடு.