போர்வைக்குள் இருட்டு

வணக்கம் சார்,

உங்கள் போர்வைக் கதையைப் படித்தேன். வட்டிக்கு வாங்கிக் கட்ட முடியாதவன் மாயப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பட்டப்பகலில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குள் நடக்கிறான். டீக்கடையில் நின்றபடி தன்னைத் தேடுகிற கடன்காரரின் முகத்தை ஓரடி தூரத்திலிருந்து பார்க்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிற அண்ணன் மகனிடம் கதையைக் கொடுத்தேன். "சித்தப்பா, வெளிச்சம் அவன் மேலே படாம சுத்திப் போகுதுன்னா கண்ணுக்குள்ள மட்டும் எப்படிப் போகும்? அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. கதை அங்கேயே படுத்துடுச்சு" என்கிறான். நிஜமா? இன்னொன்று, துணியை விரித்தால் ஆள் மறைகிற வீடியோ வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அப்படி ஒரு துணி வந்துவிட்டதா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

அண்ணன் மகன் சொல்வது சரி. நான் மாட்டிக்கொண்டேன்.

வீடியோவை முதலில் முடித்துவிடுகிறேன். அது பச்சைத் துணி வித்தை. நம்மூர் கல்யாண வீடியோக்காரர்கள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மண்டபத்திலேயே நிறுத்தி சுவிட்சர்லாந்து அனுப்புவது இப்படித்தான். ஆளில்லாத இடத்தை முன்னமே எடுத்து வைத்துக்கொண்டு, துணியின் நிறம் வருகிற இடத்திலெல்லாம் அதை ஒட்டிவிடுவார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அவர் துணியும் கையுமாகத்தான் தெரிந்திருப்பார்.

இனி என் ஓட்டை. இதை எச்.ஜி. வெல்ஸ் 1897-லேயே பார்த்துவிட்டார் என்பதுதான் எனக்கு வெட்கம். அவருடைய 'தி இன்விசிபிள் மேன்' நாவலில் கண்ணுக்குத் தெரியாமல் போகிற கிரிஃபின் வெளிச்சத்தை வளைப்பதில்லை. உடம்பைக் காற்றுபோல ஆக்கி, வெளிச்சத்தை ஊடுருவிப் போக விடுகிறான். கண்ணாடி நம் கண்ணில் படுவதற்குக் காரணம், அதற்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் தனக்குள் நுழைகிற வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவு) வேறு. காற்றுக்கு ஏறத்தாழ 1, தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. இரண்டும் ஒன்றானால் வெளிச்சம் விலகாது, திரும்பாது.

உங்கள் கடிதம் வந்த பிறகு இதை வீட்டிலேயே செய்து பார்த்தோம். ஆசிரியையாக இருக்கிற என் மருமகள் லேபிலிருந்து 50 மி.லி. போரோசிலிகேட் பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, சுற்றிலும் ரீஃபைன்ட் சூரியகாந்தி எண்ணெயை ஊற்றினோம். (முதலில் செக்குக் கடலெண்ணெய்தான் ஊற்றினோம். அதன் மஞ்சளில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.) பீக்கர் மிதக்கப் பார்த்தது, விரலால் அழுத்திக்கொண்டோம். உள்ளே காற்று இருந்தவரை வெள்ளிபோல மின்னிக்கொண்டு நன்றாகவே தெரிந்தது. உள்ளேயும் எண்ணெய் ஏற ஏற, அடியிலிருந்து மேலாக ஆள் காணோம். இரண்டுக்கும் எண் கிட்டத்தட்ட 1.47, எண்ணெய் எங்கே முடிந்து கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்றே வெளிச்சத்துக்குத் தெரியவில்லை. மிஞ்சியது, அளவுக்காக அச்சடித்த வெள்ளைக் கோடுகளும் எண்களும் மட்டும். எதிலும் ஒட்டாமல் எண்ணெய்க்குள் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த வெள்ளைக் கோடுதான் கண். விழித்திரை வெளிச்சத்தைத் தடுத்து வாங்கிக்கொண்டால்தான் பார்வை. முழுக்க விட்டுவிட்டால் குருடு. கிரிஃபின் முதலில் ஒரு பூனையை மறைக்கிறான். நகமும் கண்ணின் பின்புற நிறமியும் மறைய மறுக்கின்றன. பிறகு தானே மறைந்து கண்ணாடி முன் நிற்கும்போது, விழித்திரைக்குப் பின்னால் பனியைவிட மெல்லிய ஒரு சாயல் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சாயலில்தான் அவன் பார்க்கிறான். படியிறங்கும்போது சொந்தக் கால் தெரியாமல் தடுமாறுகிறான் என்பதையும் வெல்ஸ் விடவில்லை. நான் கண்ணை யோசிக்கவே இல்லை.

என் கதையில் வருவது இன்னொரு வழி. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரியும் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்மித்தும் 2006-ல் குழுவாகச் சேர்ந்து காட்டியது. பாறையைச் சுற்றிப் போய் மறுபக்கம் ஒன்றுசேர்கிற தண்ணீர்போல, அலை பொருளைச் சுற்றிப் போகும்படி செய்வது. (ஒகேனக்கல் தண்ணீரை நினைக்காதீர்கள், அங்கே நுரை காட்டிக்கொடுத்துவிடும்.) அவர்கள் மறைத்தது ஒரு சின்னச் செம்பு உருளையை. மறைத்தது நம் கண்ணுக்கும் அல்ல, மைக்ரோவேவுக்கு. அதன் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அளவில் செம்பு வடிவங்களைப் பொறித்த வளையங்களே அதை வளைக்கப் போதும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் 400 முதல் 700 நானோமீட்டர். அந்த வடிவங்களை அதைவிடச் சிறிதாகச் செய்ய வேண்டும், எல்லா நிறத்துக்கும் ஒரே சமயத்தில் வேலை செய்யவும் வேண்டும். சிவப்புக்கு மறைந்து பச்சைக்குத் தெரிந்தால் என்ன பிரயோஜனம்? போர்வை என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை.

அப்படியே செய்துவிட்டாலும், தண்ணீர் சுற்றிப் போகிற பாறையின் உள்ளே ஈரம் இருக்காது. போர்வைக்குள் கும்மிருட்டு.

மறைந்துகொண்டால் பார்க்க முடியாது என்பது கதைக்காரனின் தொல்லை மட்டும் அல்ல. 1981-ல் முதலில் பறந்த, எதிரியின் ரேடாரில் எளிதில் சிக்காத அமெரிக்காவின் எஃப்-117 போர் விமானம் ரேடார் அலையைத் தட்டைத் தட்டையான பரப்புகளால் வேறு பக்கம் சிதறடிக்கும். ஆனால் அதில் ரேடாரே வைக்கவில்லை. அலையை அனுப்பித் தேடினால், அனுப்புகிற இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். நீர்மூழ்கிகளும் இதற்காகத்தான் ஒலியை அனுப்பாமல் முடிந்தவரை காதை மட்டும் தீட்டிக்கொண்டு கிடக்கின்றன.

இதையே தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கிற என் மாமா வேறு விதமாகச் சொல்வார். கேவுரு முற்றுகிற மாதங்களில் அவர் ராத்திரியெல்லாம் பரண் மேல்தான். பையனாக இருந்தபோது ஒருமுறை கூடப் போனேன். நடுச்சாமத்துக்கு மேல் கொல்லையில் ஏதோ சத்தம். நான் டார்ச்சை எடுத்ததும் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "லைட்டு அடிச்சா நமக்கு யானை தெரியுதோ இல்லியோ, யானைக்கு நாம தெரிஞ்சிடுவோம்." அவ்வளவு பெரிய உடம்பு, கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒன்றும் தெரியவில்லை. தாளைப் பிடுங்குகிற சத்தம், அதைக் காலில் தட்டி மண்ணை உதறுகிற சத்தம், பிறகு அந்த வாடை. காதிலேயே எண்ணி "மூணு" என்றார் மாமா. விடிந்து தடத்தைப் பார்த்தோம். மூன்றுதான்.

எனவே கதையை மாற்றுகிறேன். போர்வையில் இரண்டு ஓட்டை போட்டுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அந்தரத்தில் இரண்டு கண்கள் போனால் கதை வேறு பக்கம் போய்விடும். இப்போது அவன் இருட்டிலேயே நடக்கிறான். "சேலம் சேலம் சேலம்" வலது பக்கம் கேட்கிறது. பென்னாகரம் வண்டியின் டீசல் புகை இடது பக்கம். எதிரே டீ ஆற்றுகிற சத்தம், அப்படியானால் இன்னும் பத்தடி விலகிப் போக வேண்டும். விலகுகிறான், யார் மேலோ இடிக்கிறான். "யோவ், பார்த்துப் போய்யா" என்று கத்துகிற ஆளுக்கு எதிரே யாரும் இல்லை. குரல் யாருடையது என்று இவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

அதற்கு மேல் இன்னும் எழுதவில்லை. எழுதியதும் முதலில் உங்கள் அண்ணன் மகனுக்கு அனுப்புகிறேன்.