வாசகர் கேள்வி–பதில்: அடக்கி வைக்கும் செல்கள்

மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதிவிட்டாள். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் மாதிரி நோய்களை ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். அதற்கு டாக்டருக்குத்தானே படிக்க வேண்டும்?
– வாசகி, பட்டர்வொர்த்

டாக்டருக்குப் படித்தும் வரலாம், படிக்காமலும் வரலாம். நோயாளியைப் பார்க்கும் ஆசை இருந்தால் மருத்துவப் பட்டம் 5 ஆண்டு, ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி 2 ஆண்டு, சிறப்புப் படிப்பு அதற்கும் மேல். செல்லைப் பார்க்கும் ஆசைதான் என்றால் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்) அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு பயோமெடிக்கல் சயின்ஸ் அல்லது பயோடெக்னாலஜி பட்டம், அதன்பின் ஆராய்ச்சி வழி முதுகலை, பி.எச்டி. இளங்கலையிலேயே 'இம்யூனாலஜி' (எதிர்ப்புச் சக்தி பற்றிய படிப்பு) என்ற பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே பெர்தாமில் யு.எஸ்.எம்.மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மருத்துவ, பல் மருத்துவக் கழகம் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் மலாயாப் பல்கலைக்கழகமும் செராஸில் யு.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) மருத்துவ வளாகமும் உண்டு.

முதுகலைக்குப் போகும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளரை நன்றாக விசாரிக்கச் சொல்லுங்கள். செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் அந்த ஆய்வகத்தின் சொந்தமா, முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டியதா? மானியம் எந்த மாதம் முடிகிறது? நோயாளிகளின் ரத்தம் எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு 'இனிமேல்தான்' என்று பதில் வந்தால், இரண்டு வருடப் படிப்பில் பல மாதங்கள் படிவம் நிரப்புவதிலேயே போய்விடும். புள்ளியியலை இப்போதே பழகட்டும்.

2025 நோபல் பரிசு 'ட்ரெக்' செல்லுக்கு என்றார்கள். 1995-இல் கண்டுபிடித்ததற்கு ஏன் 30 வருடம்?
– வாசகர், ஜெலுத்தோங்

டி செல் என்பது எதிர்ப்புச் சக்திக்கான வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அவற்றில் மற்றவற்றை அடக்கி வைப்பதுதான் 'ட்ரெக்', அதாவது ரெகுலேட்டரி டி செல். தாமதத்துக்கு முதல் காரணம், அந்தத் துறைக்கு அப்போது இருந்த கெட்ட பெயர். மற்ற செல்களை அடக்கி வைக்கும் 'சப்ரஸர்' டி செல்கள் உண்டு என்று 1970-களில் பெரிய ஆரவாரம். அவற்றுக்கு உரியதென்று சொன்ன மரபணுவைத் தேடிப் போனால், இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாலே ஆய்வாளர்கள் முகம் சுளித்தார்கள்.

ஜப்பானில் ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி விடாப்பிடியாக நின்றார். பிறந்து 3 நாளான எலிக்குஞ்சின் தைமஸை (டி செல்கள் முதிரும் நெஞ்சுச் சுரப்பி) எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்றுதான் நினைப்போம். நடந்ததோ தலைகீழ்: எலியின் எதிர்ப்புச் செல்கள் அதன் சொந்தச் சினைப்பையையும் வயிற்றையும் தைராய்டையும் தாக்கின. அடக்கி வைக்கும் செல்கள் தைமஸிலிருந்து மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாக வெளியேறுவதுதான் விளக்கம். அதே மரபினத்து ஆரோக்கியமான எலியின் டி செல்களைச் செலுத்தினால் நோய் வரவில்லை. அந்த டி செல்களில் காப்பாற்றியவை எவை? மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் உள்ளவை என்று 1995-இல் காட்டினார். அப்போதும் பலர் நம்பவில்லை.

நம்ப வைத்தது வேறொரு எலி. 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தானாகவே தோன்றிய 'ஸ்கர்ஃபி' வகை அது. ஆண் குஞ்சுகள் தோல் செதிலாக உரிந்து சில வாரங்களில் இறந்துவிடும். காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 5 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் உள்ள பகுதிவரை நெருங்கினார்கள். அதில் 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால், பழுது இருந்தது இருபதாவதில்! அதுதான் ஃபாக்ஸ்பி3. ஆண் குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் என்ற கொடிய நோய்க்கும் அதே மரபணுவின் பழுதே காரணம் என்று 2001-இல் தெரிந்தது. சகாகுச்சியின் செல்லை உருவாக்குவதே இந்த மரபணுதான் என்று 2003-இல் தெரிந்து, இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன.

முதுகலை மாணவன். லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ட்ரெக் எண்ணுகிறேன். சிடி4 (டி செல்களில் ஒரு பிரிவு) செல்களில் ஒரு நாள் 4%, இன்னொரு நாள் 22%. ரத்தம் சில நாள் மறுநாள்தான் கைக்கு வருகிறது. தவறு எங்கே?
– வாசகர், கோலாலம்பூர்

22 வந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். வழக்கமாக சிடி4 செல்களில் 5 முதல் 10% வரைதான் இருக்கும்.

முதலில் ரத்தம். 24 மணி நேரம் தாண்டினால் கிரானுலோசைட்டுகளின் (வேறொரு வகை வெள்ளை அணு) அடர்த்தி குறைந்து, அடியில் படிய வேண்டியவை ஃபைகாலுக்கு (செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் திரவம்) மேல் டி செல்கள் சேரும் வெள்ளை வளையத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். லூபஸில் இன்னொரு தலைவலி: அடர்த்தி குறைந்த கிரானுலோசைட்டுகள் புது ரத்தத்திலேயே இருக்கும். ஆகவே நோயாளியின் ரத்தமும் ஒப்பீட்டுக்கான ஆரோக்கியமானவரின் ரத்தமும் ஒரே அளவு மணி நேரம் காத்திருந்தவையாக இருக்கட்டும்.

பிரித்தெடுப்பதைச் சரிபாருங்கள். ஃபைகால் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். 15 மில்லி குழாயில் 4 மில்லி ஃபைகால். அதன் மேல், சம அளவு பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) கலந்த ரத்தம் 8 மில்லி. குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவர் வழியாக மெல்ல வழிய விடுங்கள். 400 ஜி (புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு) விசை, 20 டிகிரி, 30 நிமிடம், சென்ட்ரிஃபியூஜின் பிரேக் பூஜ்ஜியம். பிரேக் போட்டால் சுழல் நிற்கும் வேகத்தில் அடுக்குகள் கலங்கிவிடும். பொது ஆய்வகத்தில் முந்தைய ஆள் பிரேக்கை 9-இல் வைத்துவிட்டுப் போயிருப்பார். ஒவ்வொரு முறையும் பாருங்கள். எடுத்த வளையத்தில் 3 மடங்கு பி.பி.எஸ். சேர்த்துக் கழுவுங்கள். சேர்க்காவிட்டால் மிச்ச ஃபைகால் செல்களை அடியில் இறங்க விடாது.

அடுத்து சாயம். இறந்த செல்கள், அடையாளம் காட்ட நிறமேற்றிச் சேர்க்கும் எல்லா ஆன்டிபாடியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இறந்தவற்றைக் காட்டும் சாயத்தைச் செல்களை ஃபிக்ஸ் செய்வதற்கு (ரசாயனத்தால் உறைய வைப்பதற்கு) முன்பே போட வேண்டும். ட்ரெக்கின் அடையாளமான ஃபாக்ஸ்பி3 புரதம் நியூக்ளியஸுக்குள் இருப்பது. சைட்டோகைனுக்கு (செல் சுரக்கும் சைகைப் புரதம்) வைத்திருக்கும் சாதாரண பஃபர் அங்கே எட்டாது. அதற்கென்றே விற்கும் பஃபரை வாங்குங்கள். 'ட்ரெக் உண்டு, இல்லை' என்று பிரிக்கும் எல்லைக்கோட்டைக் கண்ணால் போடாதீர்கள். ஒரு நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழாயை வைத்துப் போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண்ணிக்கை ஏறினால், மனித உடம்பின் குறும்பு அது: கிளர்ந்தெழுந்த சாதாரண டி செல்லும் சில நாள் ஃபாக்ஸ்பி3 காட்டும். நோய் தீவிரமாக இருக்கும்போது இப்படிப்பட்டவை நிறைய. சிடி127 என்ற மேற்பரப்புப் புரதம் குறைவாக உள்ளவற்றை மட்டும் எடுத்தால் கொஞ்சம் வடிகட்டலாம். ஆனால் 'ட்ரெக்' என்று ஆய்வேட்டில் எழுத, அவை அடக்குகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். சிஎஃப்எஸ்இ என்ற ஒளிரும் சாயம் பூசிய சாதாரண டி செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் பாதி வெளிச்சம் இழக்கும். அவற்றோடு ட்ரெக்கை 1:1, 1:2, 1:4, 1:8 என்று சேர்த்து 4 நாள் வையுங்கள். ட்ரெக் குறையக் குறைய மற்றவை அதிகம் பிரிய வேண்டும். எல்லாக் குழியிலும் ஒரே மாதிரி பிரிவு படுத்துவிட்டால் அது அடக்கம் என்று சொல்ல முடியாது, சிஎஃப்எஸ்இ அதிகமாகிச் செல்கள் செத்துக்கொண்டிருக்கலாம்.

தங்கைக்கு லூபஸ். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பவுடரை நேரடி விற்பனைக்காரர் தருகிறார். கொடுக்கலாமா? ட்ரெக் ஊசி எப்போது வரும்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

வேண்டாம். லூபஸில் சக்திக்குப் பஞ்சமில்லை, கட்டுப்பாட்டுக்குத்தான் பஞ்சம். டப்பாவில் அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) என்று இருந்தால் தொடவே கூடாது. அதன் முளைகளைத் தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது பதிவாகியிருக்கிறது.

ஊசி இன்னும் சோதனையில்தான். ட்ரெக்கைப் பெருக்க ஐஎல்-2 (டி செல்களை வளர்க்கும் புரதம்) மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துச் சோதிக்கிறார்கள். ட்ரெக்கில் ஐஎல்-2-ஐப் பிடிக்கும் சிடி25 மிகுதி என்பதால் அந்தத் துளி முதலில் அதற்கே கிடைக்கும். அளவைக் கூட்டினால் தாக்கும் செல்லும் விழித்துக்கொள்ளும். எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு 2006 லண்டன் சோதனையைச் சொல்லலாம். ட்ரெக்கைப் பெருக்கும் என்று நம்பிய டிஜிஎன்1412 என்ற மருந்தை, விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஆரோக்கியமான 6 பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், உயிர் தப்பினார்கள்.

இப்போதைக்கு லூபஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அளவு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தங்கை மெலிந்திருந்தால் எடையைச் சொல்லிக் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். மருந்து கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் முதல் ஆண்டுக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, 5 ஆண்டு கடந்தபின் வருடா வருடம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் வருடாந்தரப் பரிசோதனை அதற்கும் முன்பே.