மழைக்குப் பிறகு கழிமுகச் சேற்றில் உயிர்கள் குறைந்தால்

கேள்வி: கோடையில் கழிமுகச் சேற்றைச் சலித்தபோது புழுக்களும் மட்டிகளும் நிறையக் கிடைத்தன. மழைக்காலத்தில் அதே இடத்தில் பாதிகூட இல்லை. மாசுதான் காரணம் என்று சொல்லலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வெப்பமண்டலக் கழிமுகங்களில் மழைக்காலச் சரிவு இயல்பானது. கோடையில் லிட்டருக்கு 30 கிராமைத் தாண்டும் உப்பு, வெள்ளம் வந்தால் சில நாட்களிலேயே 5 கிராமுக்கும் கீழே இறங்கலாம். அப்போது கடல்நீருக்குப் பழகிய உயிர்களின் உடலில் நீர் புகுந்து செல்கள் வீங்கும். மட்டி தன் இரு ஓடுகளையும் இறுக மூடிச் சில நாள் தாங்கும். வெள்ளம் நீடித்தால் வாய் பிளந்து செத்துவிடும். சேற்றின் ஆழத்தில் வாழும் பாலிகீட் புழுக்களுக்கு (உடலில் முள்முடிகள் கொண்ட வளையப் புழுக்கள்)ப் பிழைக்க வாய்ப்பு அதிகம். மேலே ஓடுவது நன்னீரானாலும், சேற்றின் துளைகளில் தங்கிய நீர் மெதுவாகத்தான் உப்பை இழக்கும். வண்டலும் வளைகளை மூடி, மட்டிகளின் செவுள்களை அடைக்கிறது.

இங்கே பலரும் தவறுவது, மேல்நீரை மட்டும் அளப்பதில். நன்னீர் மேலே மிதக்க, கனத்த உப்புநீர் அடியில் தேங்கியிருக்கலாம். இரண்டும் கலக்காவிட்டால் அடியில் பிராணவாயு குறையும். ஆகவே உப்பையும் பிராணவாயுவையும் தரைக்குச் சற்று மேலே அளவிடுங்கள். உள்ளிருப்பது வெளியே தெரியும் குழாயைச் சேற்றில் செருகி எடுத்தும் பாருங்கள். மேலே பழுப்பு அடுக்கு இருந்தால் நல்லது. மேற்பரப்புவரை கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால் மூச்சுத்திணறல் நடந்திருக்கிறது.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஓத நிலையில் 3 முதல் 5 முறை சேற்றை அள்ளுங்கள். சிப்பி சிக்கி, சேறு அள்ளும் கருவியின் வாய் சரியாக மூடாவிட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள். 0.5 மி.மீ. சல்லடையையே எல்லாப் பருவத்திலும் பயன்படுத்துங்கள். ஒரு முறை 1 மி.மீ. சல்லடைக்கு மாறினாலும் ஒப்பீடு கெடும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் மென்மையான புழுக்கள் வீங்கி உடையும், அந்த இடத்து நீரே போதும். கடைகளில் கிடைக்கும் ஃபார்மலின் 1 பங்குக்குக் கடல்நீர் 9 பங்கு சேர்த்து, போராக்ஸ் கலந்து பதப்படுத்துங்கள். போராக்ஸ் இல்லாவிட்டால் ஃபார்மலினில் உள்ள அமிலம் மெல்லிய ஓடுகளைக் கரைத்துவிடும். ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்தால் இளஞ்சிவப்பாகும் உயிர்களை இலைத்தூளிலிருந்து பிரிப்பது எளிது.

மழை காரணமென்றால், கழிவு சேராத இடத்திலும் சரிவு தெரியும். உப்பு மீண்டதும் சில மாதங்களில் மிகச் சிறிய குஞ்சுகள் சேற்றில் குடியேறும். சரிவு கழிவு வாய்க்காலைச் சுற்றி மட்டும் நின்று, உப்பு திரும்பியும் மீளாவிட்டால் மாசைச் சந்தேகிக்கலாம். கேபிடெல்லா என்ற மெல்லிய சிவப்புப் புழு பெருகியிருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். வெள்ளம் கொண்டுவந்த இலைதழை அழுகும் இடத்திலும் அது பெருகும்.